ப்ராக்ஸ்மாக்ஸ் 8.4-லிருந்து 9-க்கு: விஎம் நெட்வொர்க் உடையாம எப்படிச் சோதிக்கிறது?

#1 பாளை சர்வர்

வணக்கம். பாளையங்கோட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ் கிளஸ்டரை (சேர்ந்து இயங்குற சர்வர்கள்) ப்ராக்ஸ்மாக்ஸ் 9-க்குக் கொண்டு போகணும். ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கிறது ஒரே பெட்டியில பல விஎம்-களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டுற மென்பொருள். 8-க்கான ஆதரவு 2026 ஆகஸ்ட்டோட முடியுது. மேம்படுத்துற படிகள் தெரியும். கேள்வி விஎம்-களோட நெட்வொர்க் பத்தி மட்டும்தான்.

அமைப்பு இது. ரெண்டு நோடு (சர்வர் பெட்டி), கிளஸ்டர் முடிவெடுக்க மூணாவது ஓட்டுக்கு ஒரு மினி பிசி. நோடு ஏ சர்வர் போர்டு, ரெண்டு போர்ட் 10ஜி கார்டு, ஐ40இ டிரைவர். நோடு பி சாதாரண டெஸ்க்டாப் போர்டு: போர்டிலேயே இருக்கிறது இ1000இ, கூட செருகினது ரியல்டெக் கார்டு, அதுக்கு ஆர்8168 டிகேஎம்எஸ் டிரைவர் (ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாத் தொகுக்கிறது) போட்டிருக்கு.

விஎம்பிஆர்0 விலேன் (ஒரே கம்பியில தனித்தனி வலை) அறிஞ்ச பிரிட்ஜ் (விஎம்-களைக் கார்டோட இணைக்கிற மென்பொருள் ஸ்விட்ச்): 10 ஆபீஸ், 20 கேமரா, 30 விருந்தினர் வைஃபை. விஎம்பிஆர்1 பேக்கப்புக்கு, எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 9000. விஎம்பிஆர்2-க்கு கார்டே கிடையாது. சோதனை விஎம்-கள் அதுல நாட் (ஹோஸ்ட்டோட ஐபியைப் பகிர்ந்துக்கிறது) வழியா இணையம் போகும்.

விஎம்-கள்: டேலி ஓடுற விண்டோஸ் சர்வர் (நிலையான ஐபி 192.168.10.20), டெபியன்ல ஒரு டேட்டாபேஸ், கேமரா பதிவு விஎம், ரூட்டரா ஓப்பிஎன்சென்ஸ். ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ (லாகின் பண்ணி இணையம் எடுக்கிற முறை), அந்த விஎம்தான் டயல் பண்ணுது.

ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை வருது. அன்னைக்கு வச்சுக்கிடலாமா?

#2 வண்ணார்பேட்டை நெட்

அண்ணாச்சி, தேரோட்டத்தன்னைக்கு வேண்டாம். டவுண் பக்கம் ரோட்டை மறிச்சிருவாங்க. ஒரு கார்டோ கேபிளோ தேவைப்பட்டா வாங்கிட்டு வர ஆளை அனுப்ப முடியாது. ஆடிட்டர் ஆபீசுக்கு மாசம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கெடு, ஜூலை 31 வருமான வரிக் கெடு. 20 முடிஞ்ச முதல் சனிக்கிழமை ராத்திரியை எடுங்க. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் பாத்துக்கிடுங்க.

இனி விஷயம். "அப்கிரேடு ஆச்சு, விஎம் நெட்வொர்க் போச்சு"ன்னு கேக்கும்போது ஒரே நோய் மாதிரி இருக்கும். உடையிற இடம் மூணு. ஹோஸ்ட்டுல (விஎம்-களைத் தாங்குற பெட்டி) கார்டோட பெயர் மாறி, பிரிட்ஜுக்குப் போர்ட் இல்லாம நிக்கிறது ஒண்ணு. ப்ராக்ஸ்மாக்ஸ் 9-க்கு அடித்தளமான டெபியன் 13-க்குப் போகும்போது ஹோஸ்ட்டின் அமைப்பு விதி சிலது மாறுறது ரெண்டு. விஎம்-முக்கு உள்ளே தெரியுற பிசிஐ அமைப்பு (கார்டு செருகின இடம்) மாறி, விருந்தினர் ஓஎஸ் அதைப் புதுக் கார்டுன்னு நினைக்கிறது மூணு. மூணையும் ஒரே ராத்திரியில மாத்தினா எது எதைக் கெடுத்துச்சுன்னு பிடிபடாது. கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) முதல்ல, டிஸ்ட்ரோ (டெபியன்) ரெண்டாவது, மெஷின் டைப் (விஎம்-முக்குக் காட்டுற போலி மதர்போர்டு வகை) கடைசி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அதே சோதனையை அதே வரிசையில ஓட்டணும்.

கெர்னலை மட்டும் தனியாப் பாக்க வழி இருக்கு. 8.4-லேயே 6.14 கெர்னலை விருப்பத் தேர்வா நிறுவலாம். ஆனா ஒரு கண்ணி: நிறுவினதும் புதுசுதான் இயல்பாயிரும். அதனால இப்ப ஓடுற 6.8-ஐ ப்ராக்ஸ்மாக்ஸ் பூட் டூல்ல நிரந்தரமா பின் பண்ணுங்க (அதையே பூட் பண்ணச் சொல்லிக் கட்டிவைக்கிறது). பிறகு 6.14-ஐ 'அடுத்த பூட்டுக்கு மட்டும்'ங்கிற தெரிவோட பின் பண்ணி ரீபூட். தகராறுன்னா பவர் பட்டனை அழுத்தினாப் போதும், திரும்ப எழும்பும்போது 6.8 தானா வரும். சோதனை முடிஞ்சதும் அந்த பின்னை மறக்காம எடுங்க. எடுக்காமப் போனா 9-க்குப் போன பிறகும் பழைய கெர்னல்லயே ஓடிட்டிருக்கும், புதுசுதான் ஓடுதுன்னு நீங்க நினைச்சிட்டிருப்பீங்க.

#3 தச்சை லினக்ஸ்

#2 சொன்னதுல ஒரு திருத்தம். கார்டுக்குப் பெயர் வைக்கிறது கெர்னல் மட்டும் இல்ல, யூடெவ்வும் (சாதனங்களைக் கையாளுற சிஸ்டம்டியின் பகுதி) சேர்ந்துதான். டெபியன் 12-ல சிஸ்டம்டி 252, 13-ல 257. பெயர் வைக்கிற விதியும் பதிப்போட மாறும். அதுபோக 6.14 வந்தது 9.0-ல, 9.1-லேயே 6.17 ஆயிருச்சு. 8.4-ல 6.14 போட்டுப் பாக்கிறது டிரைவரைச் சோதிக்க நல்ல வழி, பெயரைச் சோதிக்கப் பத்தாது.

பெயருக்கு நேர் வழி: கடைசியா வந்த 9 ஐஎஸ்ஓவை யூஎஸ்பியில எழுதி அதே பெட்டியில பூட் பண்ணுங்க. நிறுவல் திரையில மேலாண்மை நெட்வொர்க் பக்கம் வரைக்கும் போங்க. கார்டு பெயர், மேக் முகவரி (கார்டோட தனி எண்) எல்லாம் அங்கேயே தெரியும். ஃபோன்ல படம் எடுத்துட்டு ரீபூட். கடைசிப் பக்கத்துல இன்ஸ்டால் அழுத்துற வரைக்கும் டிஸ்க்ல எதுவும் எழுதாது.

ஐ40இ கார்டுக்கு 6.8 கெர்னல் வந்தப்பவே பெயருக்குப் பின்னால 'என்பி0', 'என்பி1'ன்னு வால் முளைச்சது. ஈஎன்எஸ்1எஃப்0 இருந்தது ஈஎன்எஸ்1எஃப்0என்பி0 ஆச்சு. டிரைவர் போர்ட் பெயரைச் சொல்ல ஆரம்பிச்சா யூடெவ் அதை ஒட்டவச்சிரும், அவ்வளவுதான் காரணம். உங்க நோடு ஏ அந்தக் கட்டத்தைத் தாண்டிருச்சு. ஆனாலும் இன்னொரு தடவை நடக்காதுன்னு யாரும் எழுதித் தரல. பெயரைக் கட்டிவச்சிருங்க.

ஈடிசி, சிஸ்டம்டி, நெட்வொர்க் கோப்புறைக்குள்ள 10-ல தொடங்குற பெயர்ல ஒரு லிங்க் கோப்பு. மேட்ச் பகுதியில மேக் முகவரியும் 'டைப் ஈதர்' வரியும். லிங்க் பகுதியில புதுப் பெயர். அந்த டைப் வரியை விட்டா விலேன் இன்டர்ஃபேஸ் மாதிரி அதே மேக்கோட இருக்கிற மத்ததையும் விதி பிடிச்சு இழுக்கும். பெயர் 'ஈஎன்'னு தொடங்கட்டும், ஈஎன்லேன்0, ஈஎன்பேக்0 மாதிரி. அப்பதான் 8-ன் வலைப் பக்கம் அதை நிஜக் கார்டா காட்டும். ஈத்0, ஈத்1 வேண்டாம், கெர்னல் தானா வைக்கிற பெயரோட மோதும். மொத்தம் 15 எழுத்துக்கு மேல போகாது, விலேன் எண்ணுக்கும் அதுக்குள்ள இடம் விடணும். பிறகு இன்டர்ஃபேசஸ் கோப்புல பிரிட்ஜ் போர்ட் வரியில புதுப் பெயர், இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்துல ஏறுற கோப்புத் தொகுப்பு) புதுப்பிப்பு, ரீபூட். 9-ல இதுக்குன்னே ஒரு பின்னிங் கருவி வந்திருக்கு, அது நிக்0, நிக்1-ன்னு வச்சிரும். இருந்தாலும் 8-ல இருக்கும்போதே கட்டிட்டுக் கிளம்புறதுதான் நிம்மதி.

இந்த ரீபூட் அப்ப மானிட்டரும் கீபோர்டும் பெட்டியில செருகி இருக்கணும். பெயர் தப்பினா விஎம்பிஆர்0 எழும்பும், ஐபியும் இருக்கும், வெளியே ஒரு பாக்கெட் போகாது. அந்த நோடுல இருக்கிற விஎம்-கள் தங்களுக்குள்ள பேசிக்கிடும். அதைப் பாத்து "நெட்வொர்க் சரியாத்தான் இருக்கு, ஸ்விட்ச்தான் கோளாறு"ன்னு ஸ்விட்ச்சைக் கழட்டப் போயிராதீங்க.

#4 டவுண் பில்லிங்

விண்டோஸ் விஎம்-மோட ஐபி போயிரும்னு சொல்றாங்களே, அது எதனால? எங்க கடையிலயும் அதே டேலி சர்வர் மாதிரிதான்.

#5 வண்ணார்பேட்டை நெட்

தம்பி, அது #2-ல சொன்ன மூணாவது இடம். விண்டோஸ் ஐபியைக் கார்டோட பிசிஐ இருப்பிடத்தோட சேர்த்துப் பதிஞ்சு வைக்கும். கியூஇஎம்யூ (விஎம்-மை ஓட்டுற நிரல்) பதிப்பு ஏறி மெஷின் டைப் மாறினா அந்த இருப்பிடம் மாறலாம். விண்டோஸுக்கு அது புதுக் கார்டு. டிஹெச்சிபி (தானா ஐபி கொடுக்கிற முறை) கேட்டு நிக்கும். பழைய கார்டு கண்ணுக்குத் தெரியாம 192.168.10.20-ஐப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். புதுசுல அதே ஐபியைப் போடப் போனா "வேற அடாப்டர்ல ஏற்கெனவே இருக்கு"ன்னு கேக்கும். கியூஇஎம்யூ 5.2 வந்தப்ப இது பல பேருக்கு நடந்தது. அதுக்குப் பிறகு ப்ராக்ஸ்மாக்ஸ் விண்டோஸ் விஎம்-களுக்கு உருவாக்கும்போதே மெஷின் பதிப்பைக் கட்டி வைக்குது.

அதனால முதல்ல பாக்க வேண்டியது: விஎம் அமைப்புல மெஷின் வரியில பதிப்பு எண் இருக்கா? இருந்தா அதைத் தொடாதீங்க, ஐபி அப்படியே இருக்கும். இல்லேன்னா இப்ப 8.4-ல ஓடுற 9.2-ஐயே எழுதி வச்சிருங்க. 9.2-ன்னு கட்டினதுல இன்னொரு லாபம், விஎம்-மை நிறுத்திட்டு மேம்படுத்தாத நோடுல எழுப்பினாலும் எழும்பும். மெஷின் டைப்பை ஐ440எஃப்எக்ஸ்-லிருந்து கியூ35-க்கு மாத்துற ஆசை இருந்தா அதை இந்த ராத்திரியோட சேர்க்காதீங்க. லினக்ஸ் விஎம்-ல ஈஎன்எஸ்18 இருந்தது ஈஎன்பி6எஸ்18 ஆயிரும், அமைப்புக் கோப்புல பழைய பெயர் எழுதியிருந்தா அதுவும் ஊமையாயிரும்.

முன்னெச்சரிக்கையா விண்டோஸ் உள்ளே நெட்ஷ் டம்ப் (நெட்வொர்க் அமைப்போட நகல்) எடுத்து ஒரு கோப்புல வைங்க. ஐபி போச்சுன்னா டிவைஸ் மேனேஜர்ல மறைஞ்ச சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாத் தெரியுற பழைய கார்டை நீக்கிட்டு ஐபியைத் திரும்பப் போடுங்க. இதை விஎம் கன்சோல்லதான் செய்யணும். ரிமோட் டெஸ்க்டாப் அந்த நேரம் கிடைக்காது.

#6 பாளை சர்வர்

ரொம்ப உபயோகம். இன்னொண்ணு: நோடு ஏ-ல 64 ஜிபி ரேம் இருக்கு. அதுக்குள்ளேயே ரெண்டு விஎம்-ல ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு ஒத்திகை பாக்கலாமா?

#7 அம்பை கேபிள்

பாக்கலாம், பாக்கணும். சிபியு டைப் ஹோஸ்ட், கேவிஎம் நெஸ்டட் (விஎம்-முக்குள்ள விஎம் ஓட்டுறது) இயக்கம் இருக்கான்னு சரிபாத்துக்கிடுங்க. ஒவ்வொரு நோடுக்கும் 8 ஜிபி, டிஸ்க் 40 ஜிபி போதும். 8.4 போட்டு, உங்க இன்டர்ஃபேசஸ் கோப்பை அப்படியே நகலெடுத்து, கிளஸ்டர் சேர்த்து, பிறகு மேம்படுத்துங்க. ரூட் பகுதியில 10 ஜிபிக்கு மேல காலி வைங்க.

இங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு. வெளி விஎம்-மோட கார்டுல ஃபயர்வால் இயங்கினா மேக் வடிகட்டி இயல்பாவே இயங்கும். உள் விஎம் அனுப்புற பாக்கெட்டுல இருக்கிறது வேற மேக். வெளி ஹோஸ்ட் அதைச் சத்தமில்லாமப் போட்டிரும். உள் நோடுக்குப் பிங் போகும், உள் விஎம்-முக்குப் போகாது. இதைப் பாத்து 9-ல கோளாறுன்னு முடிவு கட்டிருவாங்க. ஒத்திகை விஎம்-களுக்கு மேக் வடிகட்டியை அணைங்க. ஈஎஸ்எக்ஸ்ஐ மேல ஒத்திகை பாக்கிறவங்க போர்ட் குரூப்ல ப்ராமிஸ்குவஸ் மோடையும் ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்டையும் அனுமதிக்கணும், அதே காரணம்தான்.

இந்த ஒத்திகை #2-ல சொன்ன ரெண்டாவது, மூணாவது இடத்தைச் சோதிக்கும். முதல் இடத்தை, அதாவது நிஜக் கார்டு, நிஜ டிரைவர், நிஜ ஸ்விட்ச்சைச் சோதிக்காது.

#8 தச்சை லினக்ஸ்

ரெண்டாவது இடத்தைப் பத்தி யாரும் விரிவாச் சொல்லல. உங்க அமைப்புல ரெண்டு கட்டாயம் கடிக்கும்.

முதல்ல விஎம்பிஆர்1. 8 வரைக்கும் விர்ட்டியோ கார்டுல (விஎம்-முக்கான மெய்நிகர் கார்டு) எம்டியு கட்டத்தைக் காலியா விட்டா விஎம்-முக்கு 1500. 9-லிருந்து காலின்னா பிரிட்ஜோட எம்டியுவே வரும். அப்ப பேக்கப் வலையில இருக்கிற விஎம் திடீர்னு 9000-ஆ எழும்பும். எதிர்ப்பக்கம் 1500-ஆ இருந்தா டிசிபி தப்பிச்சுக்கிடும், ஏன்னா ரெண்டு பக்கமும் சொல்ற எம்எஸ்எஸ்-ல (ஒரு பாக்கெட்டுல ஏத்துக்கிற டேட்டா அளவு) சின்னதுதான் எடுபடும். ரெண்டு முனையும் 9000, நடுவுல இருக்கிற ஸ்விட்ச் மட்டும் ஜம்போ (1500-க்கு மேலான பெரிய ஃப்ரேம்) இல்லாததுன்னாதான் வினை. ஸ்விட்ச் பெரிய ஃப்ரேமைப் போட்டிரும், யாருக்கும் தகவல் சொல்லாது. பிங் போகும். எஸ்எஸ்ஹெச் லாகின் பாதியில நிக்கும். கோப்பு நகல் தொடங்கி சுழியத்துல உக்காந்திரும். கேமரா யூடிபி பெரிய பாக்கெட்டா அனுப்பினா அதுவும் காணாமப் போகும்.

சரியான மருந்து: மேம்படுத்துறதுக்கு முன்னாடியே எந்த விஎம் 1500-ல இருக்கணுமோ அதுல 1500-ன்னு வெளிப்படையா எழுதுங்க. பிவிஇ8டு9 சோதனை ஸ்கிரிப்ட்டை முழுத் தெரிவோட ஓட்டினா இந்த விஎம்-களை எச்சரிக்கையில காட்டும். சோதிக்கிறது, துண்டாக்காதேன்னு சொல்லி பிங்: 1500-க்கு 1472 பைட், 9000-க்கு 8972 பைட். 28 பைட் ஐபி, ஐசிஎம்பி தலைப்புக்குப் போகும். ஓப்பிஎன்சென்ஸ் வழியா இணையத்துக்குப் பாக்கும்போது பிபிபிஓஇ 8 பைட் தின்னுரும், எம்டியு 1492, அதனால 1464. இந்த மூணு எண்ணையும் மேம்படுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டி வைங்க. முன்னாடியே தோத்திருந்தா அந்தப் பழி 9 மேல வரக் கூடாது.

அடுத்தது விஎம்பிஆர்2. ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு வலையிலிருந்து இன்னொண்ணுக்குப் பாக்கெட்டைக் கடத்துறது) எங்க எழுதியிருக்கீங்க? ஈடிசி கோப்புறையில இருக்கிற சிஸ்கண்ட்ரோல் டாட் கான்ஃப் கோப்புலன்னா, டெபியன் 13 பூட் ஆகும்போது அதைப் படிக்கவே படிக்காது. சிஸ்கண்ட்ரோல் டாட் டி கோப்புறைக்குள்ள இருக்கிற கோப்புகள்தான் எடுபடும். ரீபூட் ஆனதும் ஃபார்வர்டிங் 0. விஎம்-லிருந்து ஹோஸ்ட்டுக்குப் பிங் போகும், இணையம் வராது. இதுல மோசம் என்னன்னா, கையால சிஸ்கண்ட்ரோல் -பி அடிச்சா அது பழைய கோப்பைத்தான் படிக்கும், உடனே வேலை செய்யும், "சரியாச்சு"ன்னு கதவைப் பூட்டிட்டுப் போவீங்க. அடுத்த மின்தடையில திரும்பப் போயிரும். வரிகளைப் புதுக் கோப்புக்கு நகர்த்திட்டு, ரீபூட் பண்ணி, மதிப்பு 1-ன்னு கண்ணால பாத்த பிறகுதான் முடிஞ்சதுன்னு எழுதணும்.

#9 கங்கைகொண்டான் ஷிப்ட்

நோடு பி-யைப் பாத்தாத்தான் எனக்குக் கவலை. ஆர்8168 டிகேஎம்எஸ் போட்டா அது ஆர்8169-ஐ (கெர்னலோடயே வர்ற டிரைவர்) தடைப் பட்டியல்ல வச்சிரும். புதுக் கெர்னலோட ஹெடர் பொதி இல்லேன்னா, இருந்தும் அந்த மூலக்குறி புதுக் கெர்னல்ல தொகுக்க வராமப் போனா, புது மாட்யூல் உருவாகாது. பழைய ஆர்8169-க்கும் தடை. கார்டே இல்லாத மாதிரி ஆயிரும். 8.4-ல இருக்கும்போதே அந்தப் பொதியை நீக்கி, தடைக் கோப்பையும் அழிச்சு, ஆர்8169-ல ஒரு வாரம் ஓட்டுங்க. அதுல சரியா ஓடலைன்னா கார்டை மாத்துங்க. அந்தக் கார்டுக்காக ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் தொகுத்துக்கிட்டு இருக்கிறது தேவையில்லாத வேலை.

இ1000இ-க்கு வேற நோய். பாரம் ஏறும்போது டிமெசேஜ்ல (கெர்னல் பதிவு) 'ஹார்ட்வேர் யூனிட் ஹேங்'னு வரும், லிங்க் விழுந்து எழும்பும். சும்மா பிங் போட்டா இது வெளியே வராது. விஎம்-லிருந்து வெளிக் கணினிக்கு ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கிற கருவி), நாலு ஓடை, 30 நிமிஷம். பிறகு தலைகீழா இன்னொரு 30. 1ஜி லைன்ல 940 மெகாபிட் பக்கத்துல நிலையா நிக்கணும். நடுநடுவுல சுழியத்துக்கு விழுந்தா டிமெசேஜைப் பாருங்க. அந்த வரி இருந்தா ஈத்டூல்ல டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பாக்கெட் வெட்டுறதுக்கான ஆஃப்லோட் வசதிகள்) ரெண்டையும் அணைச்சு, இன்டர்ஃபேசஸ் கோப்புல போஸ்ட்-அப் வரியா எழுதுங்க.

#10 அம்பை கேபிள்

நான் எல்லா ஆஃப்லோடையும் ஆரம்பத்துலேயே அணைச்சிருவேன். ஒரு தலைவலி குறையும்.

#11 கங்கைகொண்டான் ஷிப்ட்

வேண்டாம் வே. நோடு ஏ-ல 10ஜி-க்கு அதைச் செஞ்சா சிபியு பாக்கெட் வெட்டுற வேலையிலேயே தேஞ்சிரும், வேகமும் இறங்கும். அறிகுறி வந்த கார்டுக்கு மட்டும், அறிகுறி வந்த பிறகு. முன்கூட்டியே அணைச்சா புது டிரைவர்ல அந்தக் கோளாறு இருக்கா இல்லையான்னு தெரியாமலே போயிரும். சோதனைங்கிறதே அதைத் தெரிஞ்சுக்கிடத்தானே.

இன்னும் ரெண்டு விஷயம். ஹெச்ஏ-வுல (நோடு விழுந்தா விஎம்-மை வேற நோடுல எழுப்புற வசதி) இருக்கிற விஎம்-களை அன்னைக்கு மட்டும் 'இக்னோர்' நிலைக்கு மாத்துங்க. கோரோசிங்க் (நோடுகள் தங்களுக்குள்ள பேசிக்கிடுற சேவை) இணைப்பு அறுந்தா ஹெச்ஏ இயங்குற நோடு வாட்ச்டாக் வழியா தன்னைத்தானே ரீபூட் பண்ணிக்கிடும். நீங்க நெட்வொர்க்கை மாத்திட்டு இருக்கும்போது அது நடந்தா எங்கே தப்புன்னே புரியாது. ஸ்விட்ச்சும் மினி பிசியும் யூபிஎஸ்-ல இருக்கான்னும் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில இடி மழைக்கு சர்வர் தப்பிச்சு, யூபிஎஸ் இல்லாத ஸ்விட்ச் விழுந்தாலும் கோரம் (பெரும்பான்மை ஓட்டு) போயிரும், விஎம் எதையும் எழுப்ப முடியாது. அந்த மினி பிசி தரைத்தளத்துல இருந்தா மாடிக்கு ஏத்துங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்துல வச்சதெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு.

#12 வண்ணார்பேட்டை நெட்

எல்லாத்தையும் அளக்க ஒரு சோதனை விஎம் போதும். அல்பைன் லினக்ஸ், 256 எம்பி ரேம். விலேன் 10, 20, 30-க்கு ஒவ்வொரு கார்டு, விஎம்பிஆர்1, விஎம்பிஆர்2-க்கு ஒவ்வொண்ணு. ஒவ்வொரு கார்டுலயும் டிஹெச்சிபி கிடைக்குதா, கேட்வேக்கு ஆர்ப் (ஐபிக்கு மேக் கேக்கிறது) பதில் வருதா, #8-ல சொன்ன அளவு பிங் போகுதா. வெளியீட்டைத் தேதியோட கோப்புல எழுதிட்டு, மேம்படுத்தினதும் அதே ஸ்கிரிப்ட், ரெண்டு கோப்பையும் டிஃப் பண்ணி வித்தியாசம் பாருங்க. கூடவே ஐபி லிங்க் சுருக்கப் பட்டியல், பிரிட்ஜ் விலேன் பட்டியல், ஈத்டூல் ஆஃப்லோட் பட்டியல். பிரிட்ஜ்ல 2-4094 எல்லா விலேனையும் திறந்து விட்டிருந்தா 10, 20, 30-ன்னு குறைச்சிருங்க. சில கார்டுகள்ல விலேன் வடிகட்டிக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, புது டிரைவர் அதைக் கண்டிப்பாப் பாக்கலாம்.

லைவ் மைக்ரேஷனுக்கு (விஎம்-மை நிறுத்தாம வேற நோடுக்கு நகர்த்துறது): வெளிக் கணினியிலிருந்து 0.2 நொடிக்கு ஒரு பிங், நேர முத்திரையோட, பதில் வராததையும் அச்சிடுற தெரிவோட. ஒண்ணு ரெண்டு தவறினா இயல்பு. விஎம் இடம் மாறினதும் கியூஇஎம்யூ தானே அறிவிப்பு ஃப்ரேம் அனுப்பி ஸ்விட்ச்சுக்குப் புது போர்ட்டைச் சொல்லிரும். 300 நொடி வரைக்கும் இருட்டா இருந்து தானா சரியானா அந்த அறிவிப்பு ஸ்விட்ச்சுக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம், பழைய மேக் பதிவு காலாவதி ஆகும் வரைக்கும் காத்துக் கிடந்திருக்கு. ஸ்விட்ச்ல போர்ட் செக்யூரிட்டி இருக்கான்னு பாருங்க.

பழைய நோடிலிருந்து புதுசுக்கு லைவா போகும். புதுசிலிருந்து பழசுக்கு வரும்னு நம்பாதீங்க. ஓப்பிஎன்சென்ஸ் விஎம்-மைக் கடைசியா நகர்த்துங்க. அது விழுந்தா பொதி இறக்கவும் இணையம் இருக்காது. அப்கிரேடு கட்டளையை வலைப் பக்க கன்சோல்ல ஓட்டாதீங்க, எஸ்எஸ்ஹெச்-ல டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓட விடுற கருவி) உள்ளே ஓட்டுங்க.

#13 பாளை சர்வர்

ஒத்திகையும் நோடு பி-யும் முடிஞ்சது. முடிவுகள்:

ஐஎஸ்ஓ பூட்ல ரெண்டு பெட்டியிலயும் கார்டு பெயர் மாறல. இருந்தாலும் லிங்க் கோப்பு எழுதிக் கட்டியாச்சு. ஆர்8168-ஐ நீக்கினதும் ஆர்8169 சரியா எழும்புச்சு, ஐபெர்ஃப் 941 மெகாபிட், ரெண்டு திசையிலும். இ1000இ-ல 6.14 கெர்னல்ல 22-ஆவது நிமிஷம் ஹேங் வரி வந்தது; டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ அணைச்ச பிறகு ஒரு மணி நேரம் சுத்தம்.

ஒத்திகையில டிஃப் காட்டினது ரெண்டே வித்தியாசம், ரெண்டும் #8-ல இருந்தது. கேமரா பதிவு விஎம்-மோட ரெண்டாவது கார்டு 9000-ஆ எழும்புச்சு, 1500-ன்னு எழுதியாச்சு. ஃபார்வர்டிங் 0, கோப்பை நகர்த்தியாச்சு. விண்டோஸ் விஎம்-ல மெஷின் பதிப்பு 8.1-ன்னு ஏற்கெனவே கட்டியிருந்தது, ஐபி அசையல. மைக்ரேஷன்ல தவறினது ஒரு பிங்.

ஒண்ணு மட்டும் புரியல. நோடு பி-யை 9-க்கு ஏத்தி நகர்த்தின பிறகும் டேட்டாபேஸ் விஎம் பழைய மெஷின் பதிப்பையே காட்டுது. அதுல பதிப்பு எதுவும் கட்டல.

#14 வண்ணார்பேட்டை நெட்

அது சரியான நடத்தைதான் அண்ணாச்சி. லைவா நகர்ந்த விஎம் கிளம்பின இடத்து மெஷின் பதிப்பைக் கூடவே எடுத்துட்டு வரும். முழுசா நிறுத்தி எழுப்பும்போதுதான் புதுசு எடுபடும். உள்ளேயிருந்து ரீபூட் பண்ணினாப் பத்தாது. அதாவது மூணாவது இடம் அந்த விஎம்-முக்கு இன்னும் சோதிக்கப்படல. நோடு ஏ-யைத் தொடும் முன்னாடி அதை ஒரு தடவை நிறுத்தி எழுப்பி, ஈஎன்எஸ்18 அப்படியே இருக்கான்னு பாத்துக்கிடுங்க.

#15 பாளை சர்வர்

நிறுத்தி எழுப்பியாச்சு. ஈஎன்எஸ்18 அதேதான், ஐபியும் அதேதான், டிஃப் காலி. வர்ற 20 முடிஞ்சு சனிக்கிழமை ராத்திரி 9:30-க்கு நோடு ஏ.